திரேசக்கா திரித்த கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இளைய மகன் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். புது ஃபைபர் போட் வந்து இறங்கியிருக்கிறது, கடலில் தள்ளும் முன் அம்மா வந்து கை வைக்க வேண்டும் என்றான். கப்பல் சரக்கு இறக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய வலியதுறைப் பாலத்துக்குத் தெற்கே அது வெள்ளையும் நீலமுமாகக் கிடந்தது, கழுவிக் கவிழ்த்த பீங்கான் கோப்பை மாதிரி. பக்கத்தில் போனால் மூக்கில் ஏறுகிற ஒரு மருந்து நெடி. சிலுவை அடையாளம் போட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லி, படகின் மூக்கான அணியத்தில் கையை வைத்தேன். வைத்த கை அங்கே நிற்கவில்லை. தானாகவே வலப்பக்கம் இறங்கி, முன்னும் பின்னும் தடவியது.

“என்னம்மா தேடுதிய?”

“தையல்.”

அவன் சிரித்துவிட்டான். “இதுக்குத் தையலும் இல்லெ, பொத்தானும் இல்லெ.”

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் வெளுத்துச் சுருங்கிய இரண்டு வடு உண்டு. பேரப்பிள்ளைகள் கேட்டால் அடுப்பில் சுட்டது என்று சொல்லிவிடுவேன். அது பொய். ஐம்பது வருஷமாகச் சொல்லி வருகிற பொய்.

அந்தக் காலத்து வள்ளத்தில் ஆணி கிடையாது. பலகையின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் தென்னந்தும்பை வைத்து அமுக்கி, கயிற்றால் தைப்பார்கள். நாம் தலையணை தைக்கிறதுபோலத்தான். தைத்த பிறகு கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுத்த எண்ணெயும் மீன்நெய்யும் பட்டணத்துச் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய குங்கிலியமும் காய்ச்சிப் பூசுவார்கள். கல்யாணமாகி நான் இங்கே வந்த புதிதில் அந்த வாசனைதான் என் வீட்டு வாசனை. எங்கள் வீட்டுக்காரர் மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த எண்ணெய் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும். முதல் மாதம் ஓக்காளித்தேன். இரண்டாம் மாதம் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

எனக்குக் குளச்சல் பக்கம். கன்னியர் மடத்துப் பள்ளியில் நாலு வகுப்பு. அங்கே படித்ததில் மிஞ்சியது இந்தக் கையெழுத்தும், ரேந்தை பின்னுகிற விரலும்தான். ரேந்தை என்றால் பூசை அங்கியின் ஓரத்தில் தொங்குமே, அந்த நூல் வேலை. அந்த விரல்தான் பிறகு ஒரு காரியம் செய்தது.

இரண்டாம் யுத்தம் வருவதற்கு மூன்று நாலு வருஷம் முன்பு என்று நினைவு. எங்கள் வீட்டுக்காரர் அதுவரை அடுத்தவர் வள்ளத்தில் துடுப்புத் தண்டு வலித்துக்கொண்டிருந்தார். சொந்த வள்ளம் வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. கோயிலுக்குப் பின்னால் தென்னை நிழலில் ஒரு வள்ளம் ஒன்றரை வருஷத்துக்கு மேலாகக் கவிழ்ந்து கிடந்தது. அந்தோணி அண்ணனுடைய வள்ளம். வைகாசிக் கடைசியில் பிடிக்கும் இடவ மழைக் காலத்தில் கரையை ஒட்டி அலையில் புரண்டுவிட்டது. கூடப் போன மூன்று பேர் நீந்தி வந்தார்கள். வள்ளம்கூட மூன்றாம் நாள் பூந்துறைப் பக்கம் ஒதுங்கியது. அந்தோணி அண்ணன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்றைக்குப் பாலத்துக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பல் நின்றிருந்தது, சாயங்காலம் புறப்பட்டுப் போனது. கப்பலிலிருந்து யாருக்கோ கயிறு போட்டதை யாரோ பார்த்தார்களாம். அந்த யாரோ யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் கப்பல் போட்டதோ இல்லையோ, அந்தோணி அண்ணனுடைய பெஞ்சாதி திரேசக்கா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கொழும்பிலோ ரங்கூனிலோ இறக்கியிருப்பார்கள், வருவார் என்றாள். தாலியைக் கழற்றவில்லை, காதணியைக் கழற்றவில்லை. காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவர் அர்ச்சியசிஷ்ட அந்தோணியார். அவருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுதிரி. இரண்டு பேருக்குச் சோறு வடிப்பாள்.

திரேசக்காளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் இடக்கைக்காரி. சின்ன வயதில் இடது கையால் சிலுவை போட்டு உபதேசியாரிடம் அடி வாங்கினவள். சிலுவை மட்டும் வலது கைக்கு மாறியது, மற்றதெல்லாம் இடதுதான். எங்கள் கரையில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து தும்பில் கயிறு திரிப்போம். அவள் திரித்தால் முறுக்கு எதிர்ப்பக்கம் போகும். எங்கள் புரியோடு அவள் புரியைச் சேர்த்தால் இரண்டும் அவிழ்ந்துகொள்ளும். “ஒனக்க கயிறு மாமியாக்காரி மாதிரி, யாரு கூடவும் சேராது” என்று கேலி செய்வார்கள். அதனால் அவள் தனியாக உட்கார்ந்து தன் வள்ளத்துக்கு மட்டும் திரித்தாள். இந்தக் கரையில் அந்த ஒரு வள்ளத்தில்தான் அவள் கயிறு இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் வள்ளத்தைக் கேட்டுப் போனபோது அவள் உடனே சம்மதித்தாள்.

“கெடந்து செல்லரிக்கறத பாத்துட்டு இருக்க முடியல்ல லாசரு. எடுத்துக்கோ. ஆனா அவரு வரும்போ அவருக்க எடம் அதுல இருக்கணும்.”

“இருக்கும் அக்கா.”

எங்கள் கரையில் ஒரு வழக்கம். வள்ளம் கை மாறினால், பிரித்துத் தைக்கும் முன் அணியத்துத் தையலைப் பழைய உடைமைக்காரன் தன் கையால் அறுத்துக் கொடுக்க வேண்டும். அவன் செத்திருந்தால் அவன் பெஞ்சாதி அறுக்க வேண்டும். ஆசாரி கத்தியை நீட்டியபோது திரேசக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அவருக்க வேலைய நான் எதுக்குச் செய்யணும்? அவரு வந்து அறுப்பாரு.”

ஆசாரி எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலையைச் சொறிந்தார். கடைசியில் அந்த ஒரு தையலையும் அது பிடித்திருந்த இரண்டு பலகையையும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பிரித்தார்கள்.

அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் கல்யாணக் களைதான். உளுத்த பலகையை எடுத்துவிட்டு அயினிப் பலகை போட்டார்கள். அலை உள்ளே ஏறாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு வரிசை கூட்டி உயர்த்தினார்கள். தண்டு வலிப்பவர்கள் காலை உதைத்துக்கொள்ளும் குறுக்குச் சட்டத்தை ஒரு சாண் முன்னால் தள்ளச் சொன்னார் எங்கள் வீட்டுக்காரர். அந்தோணி அண்ணன் நெடுநெடுவென்று உயரம், இவர் என்னைவிட இரண்டு விரல் குட்டை. “வள்ளத்தைக் குட்டையாக்குறதுக்குப் பதிலு ஒன்ன கொஞ்சம் இழுத்து நீட்டலாம்” என்றார் ஆசாரி. ஆனால் இடது பக்கத்துக் கடைசிச் சட்டத்தை மட்டும் நகர்த்தவில்லை. அது அந்தோணி அண்ணன் இடம். நாலு தண்டு வள்ளத்தை மூன்று பேர் வலித்துப் போனார்கள்.

போய்வந்த முதல் நாளே எங்கள் வீட்டுக்காரர் சொன்னார், “மூணு பேரு வலிச்ச மாதிரியே இல்லெ கேட்டியா. நாலு பேரு வலிச்ச மாதிரி வந்துது.” கூடப் போனவர்களும் அதையே சொன்னார்கள், குரலைத் தாழ்த்தி. சேசு மரி சூசை என்று சொல்லிக்கொண்டேன். அப்போது மூத்தவன் என் வயிற்றில் ஐந்து மாதம்.

தினமும் சாயங்காலம் வள்ளம் கரை ஏறியதும் திரேசக்கா வருவாள். அணியத்தில், வலப்பக்கம் இருக்கும் அந்தப் பழைய தையலை விரலால் தடவுவாள். பிறகு குனிந்து வள்ளத்திடம் கேட்பாள்.

“இன்னைக்குப் பாத்தியா?”

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நிற்பாள், போய்விடுவாள். மீன் பிரித்துக்கொண்டிருக்கும் ஆண்கள் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அணியத்தில் தண்ணீர் கசிந்தது. முதலில் கொஞ்சம், பிறகு ஒரு ஆள் இறைத்துக்கொண்டே வர வேண்டிய அளவுக்கு. சரியாக அந்தப் பழைய தையலுக்குப் பக்கத்தில். இடவ மழைக்கு இருபது நாள்கூட இல்லை. அந்தோணி அண்ணனைப் புரட்டின அதே அலை வரும். நான் எங்கள் வீட்டுக்காரர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

“அந்த ஒத்தத் தையல அறுத்துட்டுப் புதுசு போடுங்க. வயித்துப் பிள்ளைக்காகவாவது.”

“அவ கையால அறுக்காம நான் தொட மாட்டேன்.”

“அவ அறுக்க மாட்டா.”

“அப்போ அது அங்கனதான் இருக்கும்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் கரை முழுவதும் அந்தோணியார் நவநாளுக்குக் கோயிலுக்குப் போயிருந்தது. திரேசக்காளும்தான். எனக்குத் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டேன். மீன் வெட்டும் கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வள்ளத்தடிக்குப் போனேன். கோயிலிலிருந்து மன்றாட்டுச் சத்தம் கேட்டது. “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று அங்கே அவர்கள் சொல்லச் சொல்ல இங்கே நான் அறுத்தேன். இற்றுப்போன கயிறு, இரண்டு இழுப்பில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இரும்பு மாதிரி நின்றது. ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லி முடிக்கிற நேரம் ஆனது.

பிறகு, நான் திரித்து வைத்திருந்த புதுக் கயிற்றை அதே துளைகளில் கோர்த்து, காலை உதைத்து இழுத்து, ரேந்தைக்குப் போடுகிற கவனத்தோடு முடிச்சுப் போட்டேன். பழசாகத் தெரியக் கரியையும் கொட்டைத் தோட்டு எண்ணெயையும் குழைத்து விரலால் பூசினேன். அந்த எண்ணெய் தோலைத் தின்றுவிடும் என்று தெரியும், ஆனால் பூசுகிற தென்னமட்டையைத் தேட நேரமில்லை. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கே ஒரு பெருமை வந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அறுத்த கயிற்றைக் கடலில் எறிய மனம் வரவில்லை. வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் திரேசக்கா வந்தாள். தையலில் விரலை வைத்தாள். விரல் நின்றுவிட்டது. மறுபடி மேலிருந்து கீழே போனது, கீழிருந்து மேலே வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறத்தை மாற்றினேன், வாசனையை மாற்றினேன். முறுக்கு வலது பக்கம் ஓடுகிறதே! அவள் கயிறு ஒருநாளும் அப்படி ஓடியதில்லையே!

அன்று அவள் வள்ளத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. துணி சுற்றியிருந்த என் விரலைப் பார்த்தாள்.

“ஒனக்க கையா பெண்ணே?”

நான் அழத் தொடங்கிவிட்டேன்.

“அழாத. வயித்துப் பிள்ளக்காரி. அறுக்கச்செல எப்படி இருந்துது, லேசா வந்துதா?”

“இல்லக்கா. வரவே மாட்டேன்னு நின்னுது.”

அவள் தலையாட்டினாள். யாரோ அவளைப் புகழ்ந்துவிட்டதுபோல முகத்தில் ஒன்று வந்து போனது. “நிக்கும். நான் திரிச்சது, அவரு இழுத்துக் கட்டுனது. எங்க அது?”

எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் விடிந்ததும் கோயிலில் துக்க மணி அடித்தது. காதணி இல்லாமல், வெள்ளை உடுத்து, அவள் கோயில் படியில் நின்றாள். மிச்சமிருந்த அயினிப் பலகையில் ஆசாரி ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தார். அதில் அந்தக் கயிற்றை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் கடலோரத்து வரிசையில் அடக்கம் செய்தோம். மரித்தோர் பூசையும் நடந்தது. கயிற்றுக்கு எப்படிப் பூசை என்று எங்கள் சாமியார் கேட்கவில்லை, அவரை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

எங்கள் வீட்டுக்காரர் அன்று ராத்திரி என் விரல் கட்டை அவிழ்த்துப் பார்த்தார்.

“அண்டித் தோடு ஒடச்சியா?” கொல்லாங்கொட்டையைத்தான் அண்டி என்பார்.

“ஓ.”

“நம்ம வீட்டுல எங்க பிள்ளே அண்டி?”

தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். அதோடு சரி, சாகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். புதுத் தையல் போட்ட பிறகும் கசிவு நிற்கவில்லை. ஆசாரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், “தையலுல ஒரு கொறவும் இல்லெ. பக்கத்துல போட்ட புதுப் பலகெ இன்னும் தண்ணி குடிச்சு வீங்கல்ல. பத்து நாளு போனா தானா அடைக்கும்.” அடைத்தது, பத்தே நாளில்.

பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னேன். அது வேறு ஊரிலிருந்து வந்த சாமியார். “கயிறு அறுத்தேன் சாமி” என்றேன். யாருடைய கயிறு என்றார். எங்கள் வள்ளத்துக் கயிறு என்றேன். “உங்க வள்ளத்துக் கயிற அறுக்கறது என்ன பாவம்? மூணு பிரியதத்த மந்திரம் சொல்லு, போ” என்றார். அந்த மூன்றை இன்றைக்கும் தினம் சொல்கிறேன்.

அடக்கத்துக்குப் பிறகு வள்ளம் கனத்துப்போய்விட்டது என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். மூன்று பேர் வலித்தால் மூன்று பேர் வலித்த மாதிரியே வந்தது. மழைக்கு முன்னால் நாலாவது ஆளை உட்கார வைத்தார்கள். திரேசக்கா பிறகு கயிறு திரிக்கவில்லை. என் மூத்தவனுக்கு ஞானத்தாயாக நின்று, என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து, பத்துப் பதினைந்து வருஷம் இருந்து போய்ச் சேர்ந்தாள். என்மேல் அவளுக்குக் கோபமா, நன்றியா என்று கேட்க எனக்கு வாய் வரவே இல்லை.

எங்கள் வள்ளம் விறகாகி என் அடுப்பிலேயே எரிந்தது. எண்ணெய் குடித்த பலகை, அடைமழையிலும் பற்றிக்கொண்டது. அவரும் போய்விட்டார், தண்ணீரில் அல்ல, கட்டிலில், கர்த்தருக்குத் தோத்திரம். தும்பு அடிக்கிற சத்தம் இப்போது இந்தக் கரையில் இல்லை. கரையே பாதி இல்லை. வருஷா வருஷம் கடல் ஏறி வந்து வீடுகளை எடுத்தது, தென்னைகளை எடுத்தது, கல்லறைத் தோட்டத்தின் கடலோரத்து வரிசையையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பெட்டி கிடந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது.

நேற்று புது போட் முதல் தடவையாகக் கடலுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பியது. மகன் மீன் விற்கிற இடத்துக்குப் போன பிறகு நான் தனியாக அதனிடம் போனேன். அணியத்தில் கை வைத்து, முதுகு வலிக்கக் குனிந்து, கேட்டேன்.

“இன்னைக்குப் பாத்தியா?”

நின்று பார்த்தேன். விரல் பிடித்து நிற்க அதில் ஒரு முடிச்சு இல்லை, வழுக்கி வழுக்கி இறங்கியது.