கணக்கில் வராத சோப்பு

1. ஐம்பது வயது முடிந்ததும் வேலையை விட்டுவிடப் போவதாக அப்பா சொன்னார். விதிப்படி ஐம்பத்தைந்து வரை வேலையில் இருக்கலாம்.
2. அம்மா சிரித்தாள். அவர் இருமியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.
3. நான் திட்டம் போட்டேன்.
4. அந்தத் திட்டப்படி ஒரு மாதம் வாழ்ந்து பார்த்தோம்.
5. மூன்றாவது வாரம் சோப்பு தீர்ந்தது.

அப்பா ஃபவுண்டரியில் இரும்பு வார்ப்பவர். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து ஆண்களில் பாதிப்பேர் அங்கேதான். சூட்டிலும் மண்தூசியிலும் நின்று நின்று அவர் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. நான் பாலிடெக்னிக் முடித்து வேறொரு கம்பெனியில் டிராயிங் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். ஓட்டிப் பார்க்காமல் எந்த மெஷினையும் அங்கே வெளியே அனுப்ப மாட்டார்கள். ஓய்வையும் அப்படி ஓட்டிப் பார்க்கலாமே என்றேன்.

திட்டம் எளிது. பி.எஃப். பணத்தைத் தபால் ஆபீஸில் போட்டால் வரும் வட்டி, பின்கட்டு அறையின் வாடகை, இரண்டும் சேர்ந்து எவ்வளவோ அதை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் செலவு செய்வது. அப்பா ஒரு மாதம் லீவு எடுப்பது. அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

“உன் சம்பளம் அதுல சேரக் கூடாது கண்ணு. நாளைக்கு நீ கல்யாணமாகிப் போயிட்டா என் கணக்கு கவுந்துடும்.”

முதல் இரண்டு வாரம் வீடு கலகலப்பாக இருந்தது. அப்பா ஏரிக்கரையில் நடந்தார். கத்திரிக்காய்க்குப் பேரம் பேசி அம்மாவிடம் திட்டு வாங்கினார். எதிர்வீட்டு மாமாவும் ஃபவுண்டரிதான். சைக்கிளில் ஏறும்போது தினமும் சீண்டுவார்.

“இன்னா தொரை, இன்னைக்கு எந்த கிளப்புக்கு?”

“உன்ன வழியனுப்புறதே பெரிய வேலைப்பா!”

பிறகு ஒருநாள் அம்மா மாடத்தில் கையை விட்டுத் துழாவினாள். “ஏங்க, சோப்பு எங்க?”

மூவரும் விழித்தோம். எங்கள் வீட்டில் சோப்பு வாங்கியதே இல்லை. கரி போகக் குளிப்பதற்கு ஃபவுண்டரியிலேயே மாதாமாதம் சோப்பு தருவார்கள். தூசிக்கு நல்லதென்று வெல்லமும் தருவார்கள். எங்கள் காபிக்கு அந்த வெல்லம்தான். லீவில் இருப்பவருக்கு இரண்டும் கிடையாது. இருமல் மருந்தும் அங்கே டிஸ்பென்சரியில் சும்மா கிடைத்ததுதான். காசு கொடுத்து வாங்கிய எல்லாவற்றையும் நான் பட்டியலில் எழுதியிருந்தேன். காசில்லாமல் வந்தது ஒன்றுகூட அதில் இல்லை.

மாதம் முடியும் முன்பே டின் காலி. அப்பா வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையை எடுத்து உதறினார்.

“அஞ்சு வருஷம்தானே. ஓடிடும்.”

“சோப்புக்காக ஒரு மனுஷன் அஞ்சு வருஷம் நெருப்புல நிக்கணுமா?” என்றாள் அம்மா.

நான் அப்பாவிடம் கேட்டேன். “நான் குளிக்கிறேனா இல்லையா?”

“குளிக்கிறே. அண்டா அண்டாவா.”

“அப்போ சோப்பு என் செலவு.”

சட்டையை இன்னொரு முறை உதறினார். “சோப்பு மட்டும்.”

“காபி குடிக்கிறேனே?”

“சரி, வெல்லமும். கல்யாணம் ஆகிற வரைக்கும்தான்.”

“அப்புறம் மாப்பிள்ளை விருந்துக்கு வரப்போ ஒரு கட்டி சோப்பு கொண்டாரட்டும்,” என்றாள் அம்மா. “மருந்துக்கு என்ன வழி?”

“அங்க போகலேன்னா இருமலே வராதுடி.”

அம்மா காக்கிச் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவதற்கென்று இரண்டாகக் கிழித்தாள்.

அப்பா வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. குளிர்காலத்தில் மட்டும் இருமுகிறார். டின் பெரும்பாலும் மாதக் கடைசி வரை தாங்குகிறது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சோப்பு நான்தான் வாங்குகிறேன்.