முந்திப் போகாத கார்

வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதில் பத்தொன்பது வருடங்கள் போர்ட் பிளேரில் டாக்ஸி ஓட்டியிருந்தேன். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை கப்பல் ஏறும் ஜெட்டியில் கொண்டுபோய் விடுவதுதான் முக்கால்வாசி வேலை. ஹேவ்லாக் தீவுக் கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று பின்சீட்டில் யாராவது பதறினால் எனக்குள்ளும் ஒரு வேகம் ஏறிக்கொள்ளும். அந்த வேகத்துக்குக் குறுக்கே வருகிற சைக்கிள்காரர்களைக் கண்டாலே எரிச்சல்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். சத்தமில்லாமல் சைக்கிளுக்குப் பின்னால் நெருங்கிப் போய், முதுகுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஹாரனை ஓங்கி அழுத்துவேன். ஹேண்டில் ஆடும். ஆள் சாக்கடைப் பக்கம் ஒடுங்குவான். வண்டியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

வலிப்பு முதன்முதலாக ஜெட்டியில்தான் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டுப் பயணியின் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். பெட்டியின் கைப்பிடி நினைவிருக்கிறது. அடுத்த நினைவு ஆஸ்பத்திரியின் மின்விசிறி. நடுவில் இருந்தது எதுவும் என்னிடம் இல்லை.

"தலையில எப்பவாவது அடி பட்டிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவியும் இல்லை என்று தலையாட்டினாள்.

பஜாரில் கீழக்கரைக்காரர் ஒருவருடைய ஹார்டுவேர் கடையில் வேலை கிடைத்தது. பாய் நல்ல மனிதர். வலிப்பு என்று தெரிந்தும் சேர்த்துக்கொண்டார், ஏணியில் மட்டும் ஏறாதே என்றார். வீடு ஊருக்குள்ளேயே பத்துபஸ்தி என்ற பகுதியில். டாக்டரிடம் கெஞ்சியதில், மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது என்ற கண்டிப்போடு சைக்கிளுக்கு மட்டும் சரி என்றார். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

முதல் மாதத்திலேயே பாதை எனக்கு வேறாகத் தெரிந்தது. தண்ணீர் லாரி கடந்து போனால் அதன் காற்று சைக்கிளை உள்ளே இழுத்தது. ஸ்கூட்டர்கள் முழங்கையை உரசிக்கொண்டு போயின. ஒரு நாள் ஒரு டாக்ஸியின் கண்ணாடி என் தோளில் இடித்தது. ஓட்டியவன் என்னோடு பத்து வருடம் ஒரே ஸ்டாண்டில் நின்றவன். மறுநாள் டீக்கடையில் பிடித்துக் கேட்டேன்.

"நீயா அது? சத்தியமா பாக்கலப்பா. யாரோ சைக்கிள்னு நெனச்சேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். சைக்கிள்தான் கண்ணில் படும், மேலே இருக்கும் ஆள் படமாட்டான்.

அந்த வெள்ளைக் காரை நான் கவனித்தது மழைக்காலத்தின் நடுவில். இங்கே சூரியன் மெயின்லேண்டுக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளும். மேகம் கவிந்தால் ஐந்து மணிக்கே கருக்கல். கடையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. இரண்டு பக்கமும் மரங்கள், இடது பக்கம் ஆழமான வடிகால். அதில் நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது. என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு ஏறியது. கார் முந்தும் என்று ஒதுங்கினேன். முந்தவில்லை. ஏற்றம் முடியும்வரை அதே தூரத்தில் ஊர்ந்து வந்தது. யாரோ பொறுமைசாலி என்று சந்தோஷப்பட்டேன். மேலே ஏறியதும் கையைத் தூக்கி நன்றி சொன்னேன். பதிலுக்கு ஹாரன் இல்லை, விளக்கு அணைந்து எரியவில்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் மழை இல்லை. ரோடு காய்ந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். காரின் வைப்பர்கள் ஓடிக்கொண்டிருந்தன. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் தேய்கிற கீச் சத்தம் எனக்குக் கேட்டது. விளக்கு வெளிச்சத்தில் உள்ளே இருப்பவர் தெரியவில்லை. வைப்பரின் இரண்டு கைகள் மட்டும் இடமும் வலமுமாகப் போய்வந்தன.

நின்றேன். கார் நின்றது. மிதித்தேன். அதுவும் நகர்ந்தது.

வேண்டுமென்றே ஒருநாள் பாதி வழியில் டீக்கடையில் ஒதுங்கி அரைமணி நேரம் உட்கார்ந்தேன். கார் நூறடி தள்ளி, இன்ஜின் ஓட ஓட நின்றது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கோன் ஹை? ஒங்க ஆளா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

பயத்தை எப்படிச் சொல்வது? அது என்னை இடித்துவிடும் என்று தோன்றவில்லை. நான் ஹாரனுக்காகக் காத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், நான் எத்தனையோ பேருக்குக் கொடுத்த அந்தச் சத்தம் இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று தினமும் அந்த ஏற்றம் முழுக்க என் கழுத்து நரம்பு இறுகியிருந்தது. அது வரவே இல்லை. வந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டு வாரம் பொறுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஏற்றத்தின் பாதியில் இறங்கி, சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே படுக்க வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தேன். கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடி, பருத்திச் சேலை, பக்கத்துச் சீட்டில் டிபன் பை, கட்டிவைத்த பரீட்சை நோட்டுகள்.

"க்யா சாஹியே ஆப்கோ?" என்ன வேண்டும் என்று ஹிந்தியில் கத்தினேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்க தமிழா?" என்றார்.

"ஆமா. எதுக்கு என் பின்னாடி வாறீங்க?"

"அவரு ஹிந்தியிலதான் பேசினாரு" என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல.

பள்ளிக்கூட டீச்சர் அவர். கச்சால் தீவில் பிறந்தவர், பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். இதெல்லாம் பிறகு பாய் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: நான்கு வருடத்துக்கு முன், இதே ஏற்றத்தில், அடைமழையில், வைப்பர் ரிப்பேராகிக் கிடந்த காரை ஓட்டிவந்து ஒரு சைக்கிளை இடித்துவிட்டார்.

"ஹாரன் அடிச்சேன். அந்த ஆளு ஒதுங்கல. எனக்குக் கோவம். ஒட்டிப் போயி முந்திரலாம்னு மிதிச்சேன். அவ்வளவுதான். தூக்கி எறிஞ்சிருச்சு. எறங்கி ஓடினேன். அதுக்குள்ள எந்திரிச்சிட்டாரு. காதுலருந்து ரத்தம். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கையப் புடிச்சேன். 'குச் நஹி, குச் நஹி', ஒண்ணுமில்லன்னு சிரிக்கிறாரு. ஹேண்டில்ல மாட்டியிருந்த பையிலருந்து மீனெல்லாம் ரோட்டுல. ஒவ்வொண்ணா பொறுக்கினாரு. நானும் பொறுக்கிக் குடுத்தேன். அப்புறம் சைக்கிள்ல ஏறி மேல போயிட்டாரு. அவரு யாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல."

ஆஸ்பத்திரிகளில் விசாரித்திருக்கிறார். சாவு அறிவிப்பு ஒட்டுகிற சுவர்களைப் பல மாதம் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து எந்த சைக்கிளையும் அவரால் முந்த முடியவில்லை. கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மறுக்கிறது. சைக்கிளைப் பார்த்தாலே கை தானாக வைப்பரைப் போட்டுவிடுகிறது.

"ஒங்க முதுகப் பாத்தேன். எடது தோளச் சாச்சு ஓட்டுறீங்க. அவரும் அப்படித்தான். திரும்பினா அந்த மொகமா இருக்கும்னு..."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் டாக்ஸி ஓட்டிட்டு இருந்தேன் மேடம். சைக்கிளே கிடையாது" என்றேன்.

"அப்ப சரி" என்றார். குரலில் எதுவும் இல்லை. நான் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேன். அன்றும் அவர் முந்தவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு வேடிக்கைபோலச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"மீனா?"

"ஆமா, மீனு. அதுக்கென்ன?"

"அந்த வருஷ மழையில ஒங்க வண்டி ஒர்க்ஷாப்புல கெடந்திச்சி. பக்கத்து வீட்டுக்காரரு சைக்கிள வாங்கிக்கிட்டு ஜங்ளிகாட்டுக்கு மீனு வாங்கப் போனியளே. மீனு பூராவும் மண்ணு. என்னங்க இது மண்ணா இருக்குன்னு கேட்டேன். சிரிச்சிய. காதுல ரத்தம். முள்ளு கிழிச்சிட்டுன்னு சொன்னிய. சாப்பிட்டுப் படுத்தவுக ரெண்டு நாளு எந்திரிக்கல. காய்ச்சல்னுல்ல நெனச்சேன்."

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"அடின்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தானே."

எனக்கு ஒன்றும் நினைவில்லை. சைக்கிள் இரவல் வாங்கியது, ஜங்ளிகாட், மழை, மண் ஒட்டிய மீன், எதுவுமே. யோசித்தால் அங்கே மங்கலாகக்கூட ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் ரோட்டில் குனிந்து மீன் பொறுக்கியிருக்கிறான். ஹிந்தியில் பேசியிருக்கிறான். வீட்டுக்கு வழி தெரிந்து வந்திருக்கிறான். என் மனைவியைப் பார்த்துச் சிரித்து, அவளிடம் ஒரு பொய் சொல்லி, அவள் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறான். அவனை எனக்குத் தெரியாது. கண்ணாடியில் காதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு கோடு இருந்தது. என் உடம்பில் அது இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு கோபம் வந்தது. பத்தொன்பது வருடத் தொழில். அந்த அம்மாளின் ஒரு நிமிட அவசரம். நேராகப் போய் முகத்துக்கு எதிரே கத்த வேண்டும் என்று இருந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த 'ஒட்டிப் போய் முந்திரலாம்' என்ற நினைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த நினைப்பு. அதை நினைத்தவுடன் கோபம் நிற்க இடமில்லாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது மனைவி சொன்னாள்: "கொன்னுட்டோம்னு நெனச்சிக்கிட்டு நாலு வருஷமா அலையுது. உசிரோட இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. வலிப்பச் சொல்ல வேண்டாம்."

திங்கட்கிழமை ஏற்றத்தில் மறுபடியும் இறங்கி நின்றேன். கண்ணாடி இறங்கியது.

"அது நான்தான் டீச்சர்" என்றேன்.

மனைவி சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காரிலிருந்து இறங்கினார். விளக்கு வெளிச்சத்துக்கு என்னை நகர்த்தி முகத்தைப் பார்த்தார். கை என் காதுவரை வந்து, தொடாமல் நின்றது. உதடு சிரிக்கத் தொடங்கியது. அவர் சிரிப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"அப்புறம் ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியே அண்ணே?"

இல்லை என்றுதான் சொல்ல நினைத்து வந்திருந்தேன். வாய் வேறு சொன்னது. "வலிப்பு வருது. அதான் டாக்ஸிய விட்டுட்டேன்."

கை கீழே இறங்கியது. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே" என்றார். "அது நீங்க இல்ல."

"மீனு, காது, எல்லாம் சரியா இருக்கே."

"அவரு மூக்கு வேற. இன்னும் கறுப்பு. எனக்கு அந்த மொகம் நல்லா தெரியும். அது நீங்க இல்ல."

காரில் ஏறினார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. அன்றுதான் முதன்முறையாக என்னை முந்திப் போனார். வளைவில் பிரேக் விளக்குகூட எரியவில்லை.

அதன்பிறகு அந்தக் கார் வரவில்லை. சில மாதம் கழித்து பாய்தான் சொன்னார், அந்த டீச்சர் காரை விற்றுவிட்டு லாங் ஐலண்ட் பள்ளிக்கூடத்துக்குத் தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். ஓட்டுவதற்குக் காரே தேவைப்படாத ஊர். அவர் பயந்து பொய் சொன்னாரா, உண்மையிலேயே வேறொரு முகத்தைத்தான் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் யாரும் வராத ஏற்றத்தில் மிதிக்கும்போது பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

டாக்டரிடம் அடி பட்டதைப் பற்றிச் சொன்னேன். இருக்கலாம் என்று ஃபைலில் எழுதிக்கொண்டு மாத்திரையை மாற்றினார். ஒரு வருடத்துக்கு மேல் வலிப்பு வரவில்லை. இப்படியே போனால் மறுபடி வண்டி ஓட்டலாம் என்கிறார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சு வந்தது. ஸ்ரீகாகுளத்துக்காரர், எங்களுக்குள் ஹிந்திதான். அந்த மழையில் உங்கள் சைக்கிளை இரவல் வாங்கினேனாமே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன் இல்லாமல்?" என்றார். "ஹேண்டில் வளைந்து வந்தது. மூன்றாம் நாள் நீங்களே வந்து நிமிர்த்திக் கொடுத்தீர்கள். இதோ, இந்தப் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினீர்கள்."

"என்ன பேசினேன்?"

அவர் சிரித்தார். "வழக்கமான பேச்சுதான். சைக்கிள்காரர்களைத் திட்டினீர்கள். மழையில் காரில் வந்துகொண்டிருந்தீர்களாம், எவனோ ஒருவன் சைக்கிளோடு குறுக்கே வந்து விழுந்துவிட்டானாம். ஹாரன் அடித்தும் ஒதுங்கவில்லையாம். உங்கள் வண்டி ஒர்க்ஷாப்பில் கிடந்ததே, எந்தக் கார் என்று நான் கேட்கவில்லை. 'நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து மீனைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான்' என்று சொன்னீர்கள்."