ராஜமேரி வளர்த்த பொடிப்பூச்சிகள்

மாரண்டஹள்ளி சந்தையில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் இலைகளை மாட்டுக்காரர்களோடு போட்டி போட்டுப் பொறுக்கும் ராஜமேரியிடம் மாடு கிடையாது. இலையைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் வைப்பாள். சில நாள் நாறும், பிறகு தெளியும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் பெருகிவிடும். செல்போனில் ஒரு சின்ன லென்ஸை ஒட்டிப் பார்த்தால் தெரியும், தலையில் சக்கரம் சுற்றுவது போல ஒவ்வொன்றும் இரை பிடித்துக்கொண்டிருப்பது. என்ன வளர்க்கிறாய் என்று கேட்டால், பொடிப்பூச்சி என்பாள், ஆடு மாடு என்று சொல்கிற அதே மிடுக்கில்.

ஓசூர் கம்பெனியில் ஆள்குறைப்பு செய்து அனுப்பிய பிறகு அவள் விற்பதற்காக ஃபைட்டர் என்னும் அழகு மீனை வளர்க்கத் தொடங்கினாள். முட்டையிலிருந்து வரும் குஞ்சு தலைமுடியைப் போல மெல்லியது. தூள் தீவனத்தைத் திரும்பியும் பார்க்காது. உயிரோடு நெளிவதைத்தான் தின்னும், அதற்குத்தான் பொடிப்பூச்சி. இரை கிடைக்காவிட்டால் கூட்டமாகச் செத்துப்போகும். தெருவுக்கு இதெல்லாம் புரியவில்லை, நாற்றம்தான் புரிந்தது. புழுக்காரி என்றார்கள். ஆமாம், புழுக்காரிதான், உங்கள் வீட்டில் வந்து கொட்டினேனா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இந்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு மதலைமுத்துவின் மகளுக்கு டெங்கு வந்தது. பிள்ளை பிழைத்து வீடு திரும்பியதும், அந்தத் தொட்டிகளில்தான் கொசு பெருகுகிறது என்று அவர் நேராக ராஜமேரியின் வாசலுக்கு வந்தார். பின்னால் பாதித் தெரு. கொசு ஒழிப்பு வேலை பார்க்கும் தேவிப்பிரியாவையும் மருந்தோடு கூட்டி வந்திருந்தார். அந்த மருந்து விழுந்தால் பொடிப்பூச்சி மிஞ்சாது. வீட்டுக்குள் தனியாக வைத்திருந்த மீன்குஞ்சுகளோ அன்றுதான் இரை தேடத் தொடங்கியிருந்தன.

ராஜமேரி தொட்டிகளுக்கு முன்னால் போய் நின்றாள். எல்லாவற்றுக்கும் கொசுவலை கட்டியிருக்கிறேன், சந்தேகமிருந்தால் வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பிறவியா அவள்?

"ஒரே ஒரு கொசுப்புழு இருந்தாலும் எல்லாத்தையும் நானே கவுத்துப்புடறேன்."

தேவிப்பிரியா வடிகட்டினாள். முதல் தொட்டியில் ஒன்றுமில்லை, அடுத்ததிலும் இல்லை. ராஜமேரியின் தலை நிமிர்ந்துகொண்டே போனது. மூலைத் தொட்டியில் வலை கிழிந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. துணியில் ஒரு புழு துள்ளியது.

தேவிப்பிரியாவுக்கே மனசு கேட்கவில்லை. அந்த ஒரு தொட்டியைக் கொட்டினால் போதும் என்றாள். ஆனாலும் சொன்ன சொல்லில் சலுகை கேட்க ராஜமேரிக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடி மதலைமுத்துவின் செருப்பை நனைத்தது. அவர் நகரவில்லை. மகளைப் பறிகொடுக்க இருந்தவர், அவரையும் குறை சொல்ல முடியாது.

கூட்டம் கலைவதற்குள் அவள் வடிகட்டிய அந்தத் துணியை அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, வாளியோடு தெருவில் இறங்கினாள். எங்கே போகிறாய் என்றார் மதலைமுத்து.

"ஏரிக்குங்ணா. மொதப் பூச்சியே அங்க இருந்துதான் மொண்டாந்தேன்."

இவ்வளவு ஆகியும் அடங்கவில்லையா என்று அவர் கேட்டார். அவள் நின்று திரும்பினாள்.

"தப்பு என்னுதுங்க, ஊத்திட்டேன். கிழிஞ்ச வலைய இன்னிக்கே தெச்சுப்புடுவேன். ஆனா எங் குஞ்சுங்க பட்டினி கெடக்காது. ஏரியயும் கவுக்கணும்னா ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் அங்கதான் இருப்பேன்."