மேல்காட்டுக்குள் முதலில் நடந்தவர்

சவரிமுத்து சார் காலமான செய்தி, அக்கரப்பத்தனை பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது கைப்பேசியில் வந்தது. கல்லறையில் அடக்கத்தின்போது பேசியவர்கள் அவரை அமைதியான ஆசிரியர் என்றார்கள். அவரை ‘வன்னியான்’ என்று ஒதுக்கியவர்களும் அவர்களே. பக்கத்து வகுப்பில் பல வருடம் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த சவரிமுத்து வேறு.

அவருடையது, இனக்கலவரத்துக்குப் பயந்து இந்த மலைநாட்டிலிருந்து வடக்கே வன்னிக்குப் போன குடும்பம். காட்டோரத்தில் குடியேறி, தேனும் விறகும் எடுத்துப் பிழைத்தார்கள். யுத்தம் அந்தக் காட்டில் கண்ணிவெடிகளைப் புதைத்தது. இடது பாதத்தில் பாதியைப் பறிகொடுத்து அவர் மலைக்குத் திரும்பினார். “அங்க மரம் இருக்கு, தேன் இருக்கு. கால் வைக்கத்தான் எடமில்ல” என்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்காட்டையும் யுத்தம் விடவில்லை. பாதுகாப்புக்கென்று ரோட்டோர மரங்களை வெட்டினார்கள். விறகுக்குப் போன பெண்களைச் சந்தேகத்தில் பிடித்தார்கள். பிறகு பாதையையே முள்கம்பியால் அடைத்தார்கள். யுத்தம் முடிந்தும் கம்பி அவிழவில்லை. சார்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி, சிங்களத்தில் வாதாடி அவிழ்க்க வைத்தார். கூட வருவதாகச் சொன்ன தலைவர்களில் ஒருவரும் வரவில்லை. அவர்களின் பெயர்கள் எனக்கு மறக்கவில்லை.

கம்பி போன பிறகும் யாரும் காட்டுக்குள் போகவில்லை. அங்கே வெடி புதைத்திருப்பதாகத் தோட்டத்துக் காவல்காரர்கள் பரப்பியிருந்த பேச்சு அப்படி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கழித்த ஈரக் குச்சிகளை எரித்து, லயத்து வரிசைவீடுகளில் பெண்கள் புகையில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு மாதா கோவில் பூசை முடிந்து சார் நேரே பாதைக்கு வந்தார். காட்டுக்குள் நுழையுமுன் பச்சைக் கொப்பு ஒன்றை முறித்து முனியாண்டி கல்லடியில் வைப்பது எங்கள் வழக்கம். அவரும் வைத்தார்.

“சாரு வேதக்காரராச்சே, முனிக்குக் கொப்பு வைக்கிறீங்க?” என்று கேலி செய்தாள் கொழுந்தெடுக்கும் ராமாயி.

“மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. நா முன்னால போறேன். என் அடியிலயே அடி வச்சு வாங்க.”

பெண்கள் அப்படியே போனார்கள். திரும்பும்போது ஒவ்வொரு தலையிலும் காய்ந்த விறகுக்கட்டு. சாரின் சட்டை மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. காரணம் கேட்டேன். “வெடி இல்லேன்னு எனக்குத் தெரியும் சார். காலு நம்பலையே” என்றார்.

இப்போது காட்டைக் காப்பதாகச் சொல்லி அதிகாரிகள் அதே பாதைக்குக் குறுக்கே வேலி போட அளக்கிறார்கள். அன்று மரங்களை வெட்டியவர்களை யாரும் கேட்கவில்லை; விறகு பொறுக்குகிறவளிடம்தான் கணக்குக் கேட்கிறார்கள்.

என் முணுமுணுப்பைக் கேட்டுச் சலித்த சார் ஒருமுறை சொன்னார்: “கோவத்த வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறீங்க? ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க.” அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். திங்கட்கிழமை ராமாயியோடு போகிறேன். என் சிங்களம் அவருடையதைப் போல் வராது. கோபம் போதுமான அளவு இருக்கிறது.