கப்பல் வந்தால் கூப்பிடுகிறேன்

உல்போசின் என்றால் 'ஆணாகட்டும்' என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்த ஏமாற்றத்தில் அப்பா வைத்த பெயர். அடுத்ததும் பெண்தான் பிறந்தது என்பது வேறு கதை. இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அவள் காஸ்பியன் கடலோர அக்தாவ் நகரத்தில், வெளியூர்க்காரர்களுக்குத் தகவல் சொல்லும் ஜன்னலுக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்துவிட்டாள்.

வருகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றேதான். தெருக்களுக்கு ஏன் பெயர் இல்லை? பெயர் எதற்கு, வட்டார எண், கட்டட எண், வீட்டு எண் மூன்றும் இருந்தால் போதாதா என்பாள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? துணி துவையுங்கள், குடிக்கக் கடையில் வாங்குங்கள் என்பாள். கடைசியில் அக்கரைக்குக் கப்பல் எப்போது என்பார்கள். அதற்கு மட்டும் அவளிடம் நேரம் கிடையாது. அது சரக்குக் கப்பல். சரக்கு சேர வேண்டும், காற்றும் வழிவிட வேண்டும். நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், கப்பல் வந்தால் கூப்பிடுகிறேன் என்பாள். சொன்னபடி கூப்பிடுவாள். அவர்களும் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

அதோடு சரி. போய்ச் சேர்ந்தார்களா, அக்கரை எப்படி இருந்தது, ஒருவரும் சொன்னதில்லை. காஸ்பியன் கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள், ஒருமுறைகூட அதைத் தாண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது என்ற அரிப்பு அவளுக்கு அடங்கவே இல்லை.

அந்த வசந்தத்தில் அன்சோர் வந்தார். ஜார்ஜியாக்காரர், லாரி மெக்கானிக். கடல் தாண்டி ஊரில் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கொடுக்கப் பழைய வேன் ஒன்றைப் புதுசு போலாக்கி வைத்திருந்தார். அதனால் விமானமும் உதவாது. காற்றோ நிற்பதாக இல்லை. தினமும் வந்து ஜன்னலில் நிற்பார், எதுவும் கேட்கமாட்டார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் உல்போசின் அதுவரை யாருக்கும் கொடுக்காத வாக்கைக் கொடுத்துவிட்டாள்.

"இன்னைக்குக் கப்பல் இல்லண்ணே. வீட்டுக்கு வந்து நிம்மதியா சாப்பிடுங்க."

அவள் புருஷன் ஜாங்கெல்திக்கு விருந்தாளி என்றால் தலைகால் புரியாது. உடனே ஆடு வந்தது, அடுப்பில் பெரிய அண்டா ஏறியது. சாயங்காலம், வெந்த ஆட்டுத்தலையை விருந்தாளிக்கு உரிய மரியாதையாக அன்சோர் முன்னால் வைத்து, அறுக்கச் சொல்லி அவன் கத்தியை நீட்டிய அதே நேரத்தில், சமையலறையில் உல்போசின் ஜன்னல் திரையைக் கவனித்தாள். அது அசையவில்லை. காற்று அடங்கிவிட்டது. துறைமுகத்துக்குப் போன் போட்டாள். வண்டிகளை ஏற்ற ஆரம்பித்தாயிற்றாம். துறைமுகம் ஒரு மணி நேரத் தொலைவு. இதை விட்டால் அடுத்த கப்பல் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

இதை அன்சோரிடம் எப்படிச் சொல்வது? வந்தவரைப் பார்த்துக் கிளம்புங்கள் என்று சொல்வதற்கு நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்பவன் ஜாங்கெல்தி. அன்சோரும் லேசுப்பட்டவரில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, இந்த வீட்டின் அடுப்பில் தொடங்கி ஆடுகள் வரைக்கும் ஒவ்வொன்றாக வாழ்த்திக்கொண்டிருந்தார்.

எங்கள் அக்தாவ் பக்கத்தில் தேநீரைக் கிண்ணத்தில் பாதிகூட ஊற்றமாட்டோம். இன்னும் ஊற்றுவேன், உட்கார் என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால், போய் வா என்று அர்த்தம். உல்போசின் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வழிய வழிய ஊற்றி அன்சோரிடம் நீட்டினாள். ஜாங்கெல்தியின் முகம் வெளுத்துவிட்டது. அன்சோரோ மகிழ்ந்துபோனார். இவ்வளவு தாராளமான வீட்டைப் பார்த்ததில்லை என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கிண்ணத்தை நீட்டினார்.

அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்சோரின் நம்பரைத் தட்டினாள். ஜன்னலில் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"தகவல் ஜன்னல்லேருந்து பேசறோம். கப்பல்ல வண்டி ஏத்தறாங்க. உடனே துறைமுகத்துக்குப் போங்க."

சாத்திய கதவு வழியாகவும் அந்தக் குரல் கேட்கத்தான் செய்தது. அன்சோர் கதவைப் பார்த்தார், பிறகு ஜாங்கெல்தியைப் பார்த்தார். ஜாங்கெல்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ்லேருந்து கூப்பிடறாங்க," என்றார் அன்சோர் மெதுவாக.

"ஆபீஸ்காரங்க சொன்னா தட்ட முடியுமா? நாங்களா போகச் சொல்றோம்?" என்றான் ஜாங்கெல்தி. ஆட்டுத்தலையிலிருந்து ஒரு துண்டை அறுத்து அவர் வாயில் ஊட்டி, கைகளை ஏந்தி வழியனுப்பும் வேண்டுதலைச் சொன்னான். மிச்ச இறைச்சியைத் துணியில் கட்டி வேனில் ஏற்றினான். வேன் திரும்பி மறைந்ததும் பெண்டாட்டியிடம் சொன்னான்:

"ஒங்க ஆபீஸ்ல அந்தப் பொம்பளைக்கு நல்ல குரலு. ஒரு நாளைக்கு அவளயும் சாப்பிடக் கூப்பிடு."

அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பது மட்டும் தெரியவில்லை. ஞாயிறு முழுக்க உல்போசினுக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஜன்னலில் போன் அடித்தது.

"தங்கச்சி, கல்யாணம் முடிஞ்சுது. ஒங்க வீட்டுக் கறியத்தான் பொண்ணு மொதல்ல சாப்பிட்டா. அன்னைக்குப் போன் பண்ணாங்களே, அந்த ஆபீஸ் அம்மாவுக்கு என் நன்றியச் சொல்லிடு."

"சொல்லிடறேண்ணே. அவ ரொம்ப வெக்கப்படுவா." அவர் போனை வைத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம் வந்தது. "அண்ணே, வைக்காதீங்க. அக்கரை எப்படி இருந்துச்சு? கப்பல்லேருந்து மொதல்ல என்ன தெரிஞ்சுது? அங்கேருந்து சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே முதுகுப்பையோடு ஒருவர் வந்து நின்று, கப்பல் எப்போது என்று கேட்டார். உல்போசின் ஒரு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறு கையால் கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினாள்.