பேட்டியில் இல்லாதது

கம்பெனி வேனில் நாங்கள் சினிமா பேசாத நாள் கிடையாது. ஷிப்ட் முடிந்து ஏறி உட்கார்ந்தால் வாலாஜாபாத் வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்காமல் கத்திக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். டிரைவருக்குப் பின் சீட்டு எங்களுடையது.

ஒருத்தர் காவாந்தண்டலத்தில் இறங்கும் அக்கா. கிறிஸ்தவர். மகளிர் குழுத் தலைவி. எங்கே போராட்டம் என்றாலும் தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிவிடுவார். இன்னொருத்தி பெருநகர்க்காரி, என் வயது. நிலம் வைத்திருக்கிற குடும்பம். புருஷன் ஒரு கட்சியில் கிளைப் பொறுப்பில் இருந்தான். என் டிபன் பாக்ஸில் உரிமையாகக் கை விடுவாள். ஓட்டு என்று வந்தால் எங்களுக்கு நேர் எதிராகப் போடுவாள், அதை மறைக்கவும் மாட்டாள். நான் அவளுக்கு அடுத்த ஊர், காலனி. எனக்குக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சிக்காரன் மேலும் எரிச்சல்தான்.

"எந்தப் படத்த எட்த்தாலும் நெலம் வெச்சிகினு கீறவன்தான் வில்லன்" என்பாள் பெருநகர்க்காரி. "காலைல எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்றதா, உங்கள வெட்டப் போறதா? எங்களுக்கு நேரம் ஏது?"

"நேரம் இருந்தா வெட்டுவியா நீ?" என்பார் அக்கா.

"உன்னதான் மொதல்ல."

சிரிப்போம். கண்ணாடியில் டிரைவரும் சிரிப்பான். அவன் பெருநகர்க்காரியின் புருஷனுக்குப் பங்காளி. அவளை அண்ணி என்று கூப்பிடுவான்.

வேனில் கடைசி ஸ்டாப் என்னுடையது. பெருநகர் தாண்டினால் உள்ளே நானும் அவனும் மட்டும்தான். முதலில் "முன்னாடி வந்து குந்து, பேசிகினு போலாம்" என்றான். நான் போகவில்லை. பிறகு ஒரு நாள் ஏரிக்கரையில் வேனை நிறுத்தினான். இஞ்சினை அணைத்தான். லைட்டையும் அணைத்தான். எழுந்து பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். கரையில் ஒரு பால் வண்டி வெளிச்சம் தெரிந்ததும் விட்டுவிட்டான். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டே, "உன்ன வேலைக்கு சேத்தது யாரு? ஞாபகம் கீதா?" என்று கேட்டான்.

ஞாபகம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதே வேன் டிரைவர்கள்தான். அவன் கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் கேட்டில் என் பாஸ் வேலை செய்யாது. அப்பாவுக்கு இடுப்பு போன பிறகு வீட்டில் என் சம்பளம்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. பெருநகர் தாண்டியதும் கதவுப் பக்கம் நகர்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வருகிறவரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே போவேன். அவன் கரையில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவான்.

அந்த நேரத்தில்தான் அந்த நடிகையின் பேட்டி வந்தது. பெரிய நடிகர் ஒருவர், பல வருடம் முன்னால் தன்னை கேரவனுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார் என்று சொல்லியிருந்தாள். அந்த நடிகரின் புதுப் படம் அந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. ஊரெல்லாம் இதே பேச்சு. எங்கள் வேனில் கேட்கவே வேண்டாம்.

"இத்தினி வருசம் இன்னா பண்ணிக்கினு இருந்தாளாம்?" என்று ஆரம்பித்தாள் பெருநகர்க்காரி. அவள் அந்த நடிகரின் ரசிகை. "படம் வர்ற நேரம் பாத்துதான் ஞாபகம் வர்தா? நான் அந்தப் பேட்டிய திரும்பத் திரும்ப பாத்துட்டேன். மொதல்ல சாய்ங்காலம்னு சொல்றா, அப்புறம் மத்தியானம்னு சொல்றா. கதவு தானா மூடிக்கிச்சின்றா, அப்புறம் அவரு மூடினாருன்றா. எல்லாம் பொய்."

"சட்டம்னு ஒண்ணு கீதுடி" என்றார் அக்கா. "கம்ப்ளெயின்ட் குடுக்கட்டும், கோர்ட்டு பாத்துக்கும். நான் குரூப்ல எல்லாருக்கும் ஷேர் பண்ணிட்டேன்."

"நீ முழுசா பாத்தியா?"

"எனுக்கு ஏது நேரம்? பொண்ணு சொன்னா நெஜம்தான்."

டிரைவர் திரும்பாமலே பேசினான். "சினிமாக்காரிங்களுக்கு இதெல்லாம் ஒரு விசயமா அண்ணி? கைய புடிச்சா புடிக்கட்டும்னு போறவளுங்கதான. அப்புறம் ஒத்து வரலன்னா பேஜார் பண்றது." சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அந்த நடிகரின் பாட்டைச் சத்தமாக வைத்தான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"வண்டிய நிறுத்தி, இஞ்சின ஆஃப் பண்ணி, லைட்டயும் அணைச்சிட்டு வந்து கைய புடிச்சா எவளுக்கு வாய்ல வார்த்த வரும்? கத்துனா யாரு வருவா? மறுநாள் அதே மூஞ்சில முழிச்சாதான் சோறுன்னா அவ எப்பிடி சொல்லுவா? நீங்க ஆளுக்கொரு தீர்ப்பு எழுதுங்க!"

"கரெக்டா சொன்ன" என்றார் அக்கா. காவாந்தண்டலம் வந்திருந்தது. என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பாட்டு நின்றுபோயிருந்தது. அவன்தான் நிறுத்தியிருந்தான். பெருநகர்க்காரி என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். அப்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. நடிகை சொன்னது கேரவன் கதவு. அதில் நிறுத்திய வண்டியும் கிடையாது, அணைத்த லைட்டும் கிடையாது. பொய் கண்டுபிடிப்பதற்காக அந்தப் பேட்டியை வரி வரியாகப் பார்த்தவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பெருநகரில் மிச்சப் பேர் இறங்கினார்கள். அவள் அசையவில்லை.

"இன்னா அண்ணி, ஊர் வந்துச்சி."

"எறங்கல. இவ ஊர்ல ஒரு வேல கீது."

"காலனில உனுக்கு இன்னா வேல?"

"உனுக்கு எதுக்கு? வண்டிய எடு நைனா."

எடுத்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. ஏரிக்கரை ஏறியதும் வேகம் குறைந்தது. வண்டி கிட்டத்தட்ட நின்றது. அவள் போனை எடுத்து அந்தப் பேட்டியை முழுச் சத்தத்தில் வைத்தாள். நடிகையின் குரல் காலி வேனுக்குள் நிறைந்தது. "நான் கதவைத் தட்டினேன், வெளியே யாருக்கும் கேட்கவில்லை" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத்த நிறுத்து அண்ணி."

"ஏன்? பொய்தான சொல்றா. கேட்டா இன்னா? நீ ஓட்டு."

கரை முடிகிறவரைக்கும் அவள் நிறுத்தவில்லை. அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவன் பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. அது விறைத்திருந்தது.

என் ஸ்டாப்பில் இரண்டு பேரும் இறங்கினோம். வேன் போய்விட்டது என்று நினைத்தோம். போகவில்லை. திரும்பி வந்து ரோட்டு முனையில் நின்றது. லைட் எங்கள் மேல் அடித்தது.

"அந்த நடிக சொன்னது பொய்தான். அதுல நான் மாற மாட்டேன்" என்றாள். "உன்னுது?"

மணிக்கட்டைக் காட்டினேன். காட்ட அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் புருசனுக்கு போன் பண்ணு, வந்து இட்டுகினு போவட்டும்" என்றேன்.

"பைத்தியமா நீ? அவர் தனியா வருவாரா? நாலு பேர் வண்டில வருவாங்க. எங்க வூட்டு பொம்பளைய காலனில எவன் புடிச்சி வெச்சான்னு கேப்பாங்க. உங்க தெருவுலேந்தும் எழுந்து வருவாங்க. அப்புறம் ரெண்டு ஊரும் அடிச்சிகினு சாவும். உன் கைய எவன் கேக்கப் போறான்?"

அவள் சொன்னது சரி. இதை யாரிடம் சொன்னாலும் அது என் விஷயமாக இருக்காது. அதைவிடப் பயம் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை.

உத்திரமேரூர் பஸ் வருகிறவரைக்கும் வேன் அங்கேயே நின்றது. பஸ் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் வேன் அதன் பின்னாலேயே போனது. வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அவளிடமிருந்து மெசேஜ் வரும்வரை நான் வாசலைவிட்டு உள்ளே போகவில்லை.

மறுநாள் இருவரும் பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போனோம். அக்காவிடமும் சொன்னேன். அவர் அழுதார். "அப்பவே ஏன்டி சொல்லல?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆனால் புகார் கொடுக்கக் கம்பெனி ஆபீஸுக்கு அவரும் வந்தார். பெருநகர்க்காரி, தன் புருஷனின் பங்காளி என்று தெரிந்தே, ஏரிக்கரையில் அவன் வண்டியை நிறுத்தப் பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அந்த நடிகரின் படத்தையும் போய்ப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வேனில் சண்டை போட்டாள்.

என் வேலை போகவில்லை. எங்கள் ரூட்டுக்கு வயதான டிரைவர் ஒருவரைப் போட்டார்கள். பெரிய நியாயம் செய்துவிட்ட மாதிரி ஆபீஸில் எங்களிடம் சொன்னார்கள். அவனை வேலையைவிட்டு எடுக்கவில்லை. வேறு ரூட்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டதற்கு, "அதான் உங்க வண்டில இல்லையே, அப்புறம் உங்களுக்கு இன்னாம்மா பிரச்சன?" என்றார்கள்.

காலையில் வாலாஜாபாத்தில் இரண்டு வேனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவன் ஹாரன் அடிப்பான். எங்கள் வேனில் சினிமாப் பேச்சு அப்படியே நிற்கும். அவன் வண்டி முழுக்கப் பெண்கள். டிரைவருக்குப் பின் சீட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ரூட்டில் கடைசி ஸ்டாப் யாருடையது என்று விசாரித்தேன். அவளுடையதுதான்.