கோழியில்லாத வீட்டுத் தவிடு

மரவள்ளிக் கிழங்கின் நுனியைக் கீறி, ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். கசந்தால் துப்பிவிட்டு, கிழங்கு முழுவதையும் குழியில் போட்டு மண்ணைத் தள்ளுவாள். கசக்காவிட்டாலும் நம்பமாட்டாள். தோலுரித்து, ஒரு நாள் ஓடை நீரில் ஊறப்போட்டு, இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து, முதல் வில்லையைத் தானே தின்பாள். பிறகு முந்தானை முடிச்சிலிருந்து ஜெபமாலையை எடுப்பாள். ஐம்பத்து மூன்று மணியும் முடியும்வரை மூன்று பிள்ளைகளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் அவளுக்குத் தலைசுற்றலோ வாந்தியோ வராவிட்டால்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

"மொதல்ல என் வயித்துக்குப் போவட்டும்" என்பது லூர்தம்மாளின் தாரக மந்திரம். புருஷனைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து இந்த வழக்கம். "மூணு மாசத்துல வந்துடுவான்னு தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி சொன்னாரு, நம்புனேன். அதோட சரி" என்பாள். அதற்குப் பிறகு அவள் யாரையாவது நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

என்னையும் சேர்த்துத்தான். பிரிஞ்சாங் என்ற மலையூருக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் டிரஸர். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவன். ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் மருந்து தீர்ந்து, கட்டுத் துணி மட்டும் மிச்சமிருந்தது. ஒருநாள் அவளுடைய கடைக்குட்டிக்கு இருமல் என்று ஒரு புட்டி கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "பச்சத் தண்ணிதானே, டிரஸரையா?" என்றாள். பச்சைத் தண்ணீர்தான்.

குடித்தனம் நடத்துவதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கவாத்து வெட்ட ஆளில்லாமல் விட்ட தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து, பூத்துக் காய்த்துக் கிடந்தன. மற்றவர்கள் அவற்றை விறகுக்கு வெட்டினார்கள். இவள் கொட்டைகளைப் பொறுக்கி, உடைத்து, காயவைத்து இடித்தாள். சோப்பு கண்ணில் படாத நாளில் அந்தத் தூள் சீயக்காயைப்போல நுரைத்தது. தலைக்கும் அதுதான், துணிக்கும் அதுதான். சீனர்களின் காய்கறித் தோட்டத்தில் கழித்துப்போடும் கோசின் வெளி இலைகளைக் கேட்டு வாங்கிவந்து, நரம்பை உரித்துச் சமைப்பாள். பிள்ளைகளுக்குச் சாக்குத் துணியில் சட்டை. அதைத் தேயிலைச் சாற்றில் வேகவைத்துப் போட்டால் பேன் அண்டாது என்பாள். நிஜமோ என்னவோ, அந்த வீட்டில் பேன் இல்லை. குடிக்கும் தண்ணீர் கொதித்ததா என்று மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பாள். தண்ணீர்கூட ஏமாற்றிவிடும் என்று அவளுக்குப் பயம்.

என் சந்தேகம் அந்தப் பிள்ளைகளின் காலைப் பார்த்துத்தான் தொடங்கியது. கிழங்கையே தின்று தின்று, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேருக்குக் கால் வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழும், உடனே எழும்பாது. வீக்கம் மேலே ஏறி நெஞ்சை அடைத்துச் செத்தவர்கள் ஐந்து பேர். என் காலே கனக்கத் தொடங்கியிருந்தது. லூர்தம்மாளின் பிள்ளைகள் மட்டும் ஓடைக்கரையில் ஓடிப் பிடித்து விளையாடின. அதே கிழங்கு, அதே ஒரு பிடிக் கூப்பன் அரிசி. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்?

சனிக்கிழமைதோறும் மூடிய கூடையோடு பங்களாவுக்குப் போவாள். மூடிய கூடையோடு திரும்புவாள். துரை இருந்த அந்தப் பங்களாவில் இப்போது ஜப்பான் அதிகாரி இருந்தான். கூடையில் என்ன என்று கேட்டால், "உங்க வீட்டுக் கூடையா?" என்பாள்.

இப்படியிருக்கையில் அதே லயத்திலிருந்த மாடசாமியை ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுத் தரைக்கடியில் ஒரு மூட்டை நெல் ஒளித்துவைத்திருந்தான். சிப்பாய்கள் நேராக வந்து அந்த இடத்தையே தோண்டினார்கள். யார் சொல்லியிருப்பார்கள்? லயம் முழுவதும் ஒரே வீட்டைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

மாடசாமியின் மனைவி மாரியம்மா வீங்கிய காலை நீட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "என் தம்பி காட்டுல இருக்கான், தெரியுமில்ல? சனிக்கெழம எறங்கி வருவான். காட்டிக் குடுத்தவ பேரச் சொல்லிடப்போறேன்." ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்கள் அதிகம் விசாரிப்பதில்லை. ரிங்லெட் பக்கம் ஒருவனை வெறும் பேரைக் கேட்டே சுட்டுவிட்டார்கள்.

"மூணு புள்ளைங்க இருக்கு, மாரியம்மா. யோசிச்சிக்க."

"அந்தப் புள்ளைங்களுக்கு ஏன் கால் வீங்கல? நீங்க சொல்லுங்க, டிரஸரையா!"

அன்றைக்கே பங்களாச் சமையல்காரர் ஜப்பாரைத் தனியாகப் பிடித்து விசாரித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு சொன்னார்: "துணி தொவைக்க தேயிலைக்கொட்டத் தூள் கொண்டாருவா. அதுக்குப் பதிலா, எசமான் வாத்துக்கு வர்ற தவிட்டுல ஒரு டின் அள்ளிக் குடுப்பேன். கோழி வளக்குறாளாம். யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க. தெரிஞ்சா என் கழுத்து இருக்காது லா."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுப் பின்புறம் போய் நின்றேன். கூடு இல்லை, இறகு இல்லை, எச்சம் இல்லை.

"லூர்தம்மா, கோழி எங்கே?"

அடுப்பிலிருந்து திரும்பாமலே, "பாய் வாயும் ஓட்டைதானா?" என்றாள். சட்டியில் தவிடு வறுபட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவித்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இரண்டையும் பிசைந்து உருண்டை பிடித்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்திருக்கிறாள்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் கால் வீங்குச்சு. ஆஸ்பத்திரியில தவிட்டத்தான் கரைச்சிக் குடுத்தாங்க, எந்திரிச்சிட்டா. படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பயிற்சிக் காலத்தில் நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். மருந்து புட்டியில்தான் வரும் என்று பழகிப்போனவனுக்கு வாத்துத் தீனி ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"இதை வெளியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நாப்பது வீடும் பங்களா வாசல்ல நிக்கும். பாய் தலை போயிடும். அப்புறம் எம் புள்ளைங்களுக்கும் இல்ல, ஒருத்தருக்கும் இல்ல." கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மாடசாமியக் காட்டிக் குடுத்தது நானில்ல. நம்புறீங்களா?"

நான் பதில் சொல்லச் சற்றுத் தாமதமாகிவிட்டது. "பாத்தீங்களா" என்று மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

மறுநாள் மாரியம்மாவின் தம்பி வரப்போவதையும், அவனிடம் அவள் பேர் சொல்லப்போவதையும் சொன்னேன். சட்டியை இறக்கி வைத்தாள். சுவரோரம் தட்டோடு காத்திருந்த மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். எங்கேயாவது ஓடிப்போகத்தான் யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

"மாரியம்மாவுக்கு வீக்கம் எதுவரைக்கும் இருக்கு?"

"முழங்காலைத் தாண்டியாச்சு."

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிழங்கு வில்லை வைத்துவிட்டு, தவிட்டை மசியலோடு பிசைந்து உருண்டை பிடித்து, முழுவதையும் ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

மாரியம்மா டப்பாவைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "என்னத்தக் கலந்து கொண்டாந்திருக்க?"

"தவிடு. பங்களா வாத்தோடது. ஜப்பார் பாய் எடுத்துக் குடுக்குறாரு. இதத் தின்னுதான் எம் புள்ளைங்க கால் வீங்கல. நாளைக்கு உன் தம்பிகிட்ட என் பேரச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். பாய் பேர மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாத."

நான் திகைத்துப்போனேன். யாரையும் நம்பாதவள், தன்னைக் கொல்லப் பேர் கொடுக்க இருந்தவளிடம் இன்னொருவர் கழுத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாளே!

"எனக்கு எப்படித் தெரியும்? நீ விஷம் வைப்ப" என்றாள் மாரியம்மா.

லூர்தம்மாளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குப் புரிகிற பேச்சு அது ஒன்றுதான் என்று தோன்றியது. "மொதல்ல என் வயித்துக்குப் போவட்டும்" என்று ஓர் உருண்டையை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியை மாரியம்மாவின் மடியில் வைத்தாள். மற்றதை மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். பிறகு அங்கேயே தரையில் சம்மணமிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, கண்ணை மூடி ஜெபமாலையைத் தொடங்கினாள்.

மணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மாரியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து வறுத்த தவிட்டின் மணம் எழுந்துகொண்டிருந்தது. ஐந்து பத்தில் மூன்றாம் பத்து மணி முடிந்தபோது மாரியம்மாவின் கை மெல்ல உருண்டையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோயிற்று.

லூர்தம்மாள் கண்ணைத் திறக்காமலே அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். இன்னும் இரண்டு பத்து பாக்கி இருந்தது.